அளவுகோல் இருந்த பக்கம்

கிறிஸ்துமஸ் நெருங்கும் வாரங்களில் மேற்கு ஜெர்மனியின் தபால் நிலையங்களில் ஒரே மாதிரியான பொட்டலங்கள் குவியும். உள்ளே காப்பித்தூள், சாக்லேட், சோப்பு, பெண்களுக்கான நைலான் காலுறைகள், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சிறிதாகிப்போன ஜீன்ஸ். மேலே 'அன்பளிப்பு, வணிகச் சரக்கு அல்ல' என்று எழுதியிருக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் இருக்கும் அக்காவுக்கோ சித்தப்பாவுக்கோ, போருக்கு முன் ஒரே தெருவில் வசித்த சிநேகிதிக்கோ அவை போகும். அனுப்புகிற செலவை மேற்கத்தியர் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். கிழக்கிலிருந்தும் பதிலுக்குப் பொட்டலம் வரும். எர்ஸ்கெபிர்கே மலைப்பகுதியின் மரப்பொம்மைகள், டிரெஸ்டன் நகரத்து ஷ்டோலன் என்னும் கனத்த கிறிஸ்துமஸ் ரொட்டி. அந்த ரொட்டிக்குள் இருந்த உலர்திராட்சையும் பாதாமும் பல வீடுகளில் முந்தைய மேற்குப் பொட்டலத்தில் வந்து சேர்ந்தவையே. ஒருமுறை எல்லை தாண்டி வந்து, கிழக்குச் சமையலறையில் மாவோடு பிசையப்பட்டு, மேலே வெண்ணெயும் சர்க்கரைப் பொடியும் பூசிக்கொண்டு அவை மறுபடி எல்லை தாண்டின. ரொட்டியில் சேர்க்கும் ஆரஞ்சுத்தோல் அருமையாகிப்போனபோது கிழக்கின் உணவுத் தொழிற்சாலைகள் பச்சைத் தக்காளியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்து அதற்கு மாற்றாகக் கொடுத்தன.

பிரிந்து கிடந்த ஒரு நாட்டின் இரு பக்கத்து அன்றாடத்தை ஒப்பிடும் எழுத்துகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பொட்டலங்கள் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு பத்திகளாக அமைந்தவை. ஒன்றில் நிறைந்த கடைகள், மற்றதில் நீண்ட வரிசைகள். ஒன்றில் ஏறிக்கொண்டே போகும் வாடகை, மற்றதில் வருடக்கணக்கில் மாறாத ரொட்டி விலை. இரண்டுக்கும் மேலே ஒருவர் நின்று சமமாகப் பார்ப்பது போன்ற தோரணை அதில் இருக்கிறது. 1949க்கும் 1990க்கும் இடைப்பட்ட ஜெர்மனியில் அப்படி நடுவில் நின்று பார்த்தவர் யாரும் இல்லை. ஒரு பக்கம் ஓயாமல் ஒப்பிட்டது. மறுபக்கம் அளவுகோலாக இருந்தது. மேற்கில் இருந்தவர் கிழக்கைப் பற்றி நினைக்காமல் மாதக்கணக்கில் வாழ முடிந்தது. கிழக்கில் இருந்தவரோ காலையில் காப்பி போடும்போதே மேற்கை நினைத்தாக வேண்டும்.

காப்பி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லலாம். 1975இல் பிரேசிலின் காப்பித் தோட்டங்களைக் கடும் உறைபனி தாக்கியது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் உலகச் சந்தையில் கொட்டையின் விலை பலமடங்கு ஏறியது. மேற்கில் இது கடையில் முணுமுணுத்துவிட்டுப் போகிற விஷயம். கிழக்கில் இது ஆளும் கட்சியின் தலைமைக்குழு வரை போனது. காப்பிக்குக் கொடுக்க வேண்டிய அந்நியச் செலாவணிக்கு அந்த அரசிடம் என்றைக்கும் தட்டுப்பாடு. 1977இல் மலிவு ரகத்தை நிறுத்திவிட்டு, 51 விழுக்காடு காப்பியும் மீதிக்குச் சிக்கரி, கம்பு, பார்லி, பட்டாணி மாவும் கலந்த தூளை விற்பனைக்கு விட்டார்கள். உணவகங்களின் காப்பி இயந்திரங்கள் அடைத்துக்கொண்டன. மக்கள் ஆயிரக்கணக்கில் மனு எழுதினார்கள். அந்த நாட்டில் யாரும் வாய் திறக்கவே இல்லை என்று எண்ணுபவர்கள் இந்த மனுக்களை நினைத்துப் பார்க்க வேண்டும். வாடகை வீட்டின் ஒழுகும் கூரைக்கும் பிள்ளையின் காலணிக்கும் கிழக்கு ஜெர்மானியர்கள் அரசுக்குக் கடுமையான மொழியில் கடிதம் எழுதினார்கள். எழுத அவர்களுக்குச் சட்டப்படி உரிமையும் இருந்தது. புதிய கலவைக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது. மேற்கின் பிரபலமான காப்பி முத்திரை ஒன்றின் பெயரை எடுத்து அதன் முன்னால் கட்சித் தலைவர் எரிக் ஹொனெக்கரின் முதற்பெயரை ஒட்டினார்கள். சொந்த நாட்டின் மட்டமான காப்பியைத் திட்டவும் மேற்கின் பெயர்தான் கைகொடுத்தது.

ஒப்பிடும் பழக்கம் பொட்டலத்தால் மட்டும் வந்ததல்ல. ஒவ்வொரு இரவும் அது கூரை வழியாக இறங்கியது. மேற்கு ஜெர்மனியின் தொலைக்காட்சி அலைகள் கிழக்கின் பெரும்பகுதியை எட்டின. சுவர் எழுந்த 1961இல் கட்சியின் இளைஞர் அணியினர் வீடு வீடாகக் கூரையேறி மேற்குத் திசை பார்த்திருந்த ஆண்டெனாக்களைத் திருப்பினார்கள், சில இடங்களில் ஒடித்தும் போட்டார்கள். அது பலிக்கவில்லை. 1973இல், விரும்பியவர் போட்டுக்கொள்ளலாம், விரும்பியவர் அணைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் ஹொனெக்கரே பேசிவிட்டார். அதற்கு முன்பெல்லாம் செய்திக்கு முன்னால் திரையில் வரும் கடிகாரத்தில் புள்ளிகள் இருக்கின்றனவா கோடுகள் இருக்கின்றனவா என்று ஆசிரியர் குழந்தைகளிடம் கேட்பார் என்று கிழக்கில் வளர்ந்த பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். எந்தப் பதில் வீட்டைக் காட்டிக்கொடுக்கும் என்று ஏழு வயதுக் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டியிருந்தது. மேற்கின் எந்தக் குழந்தையும் இந்தப் பாடத்தைப் படித்ததில்லை.

டிரெஸ்டனைச் சுற்றிய எல்பா பள்ளத்தாக்கிலும் வடகிழக்கு மூலையிலும் மேற்கின் அலைகள் எட்டவில்லை. விவரமறியாதவர்களின் பள்ளத்தாக்கு என்று மற்ற ஊர்க்காரர்கள் அந்தப் பகுதியைக் கேலி செய்தார்கள். மேற்கின் பளபளப்பைப் பார்க்காதவர்கள் தங்கள் வாழ்க்கையில் கூடுதல் திருப்தியோடு இருந்திருப்பார்கள் என்றுதான் நாம் ஊகிப்போம். 2009இல் ஹைன்முல்லர், கெர்ன் என்ற இரு அரசியல் ஆய்வாளர்கள் லைப்சிக் நகரத்து இளைஞர் ஆய்வு நிறுவனம் 1988-89இல் எடுத்துவைத்திருந்த கணக்கெடுப்புகளைக் கொண்டு இதைச் சோதித்தார்கள். கிடைத்த விடை நேர் எதிரானது. மேற்குத் தொலைக்காட்சி பார்த்தவர்களே கிழக்கின் வாழ்க்கையோடும் ஆட்சியோடும் கூடுதலாக ஒத்துப்போயிருந்தார்கள். தினமும் சில மணிநேரம் தொடர்களிலும் பாட்டு நிகழ்ச்சிகளிலும் அந்தப் பக்கம் போய்வர முடிந்ததால் மறுநாள் காலையைத் தாங்கிக்கொண்டார்கள் என்பது அவர்கள் தரும் விளக்கம். அலை எட்டாத டிரெஸ்டன் பகுதியிலிருந்துதான் நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் அதிகம் வந்தன. ஒப்பீடு எப்போதும் கோபமாகத்தான் மாறும் என்பதில்லை. இந்த ஆய்வைப் படித்த பிறகு கிழக்கு ஜெர்மானியரின் பொறுமையைப் பற்றி எனக்கிருந்த எண்ணம் மாறியது. அதைப் பயம் என்று மட்டும் படித்துவந்திருந்தேன்.

விலைகளைப் பற்றிச் சுருக்கமாக. கிழக்கில் ஒரு சிறு ரொட்டி ஐந்து பிஃபெனிக். டிராம் பயணம் இருபது பிஃபெனிக். வாடகை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு மார்க். ஆனால் 125 கிராம் நல்ல காப்பித்தூள் 8.75 மார்க். இந்த எண்களை மேற்கின் விலைகளுக்குப் பக்கத்தில் வைத்து யார் வசதியாக வாழ்ந்தார்கள் என்று கணக்குப் போடுபவர்கள் உண்டு. அந்தக் கணக்கு எங்கும் கொண்டுபோய்ச் சேர்க்காது, ஏனென்றால் கிழக்கில் பணம் அத்தனை முக்கியமான சரக்காக இருக்கவில்லை. காத்திருப்பும் ஆள்பழக்கமும்தான் அங்கே செலாவணி. டிராபான்ட் காருக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். பதினெட்டு வயதானதும் பிள்ளையின் பெயரைப் பதிந்துவைத்தார்கள். கையோடு கிடைக்கும் என்பதால் ஓரிரு ஆண்டு ஓடிய கார் புதிய காரைவிட அதிக விலைக்குப் போனது. தண்ணீர்க்குழாய் பழுதுபார்ப்பவர், கசாப்புக்கடைக்காரர், கட்டுமானப் பொருள் கிடங்கில் வேலை பார்ப்பவர் என்று ஒவ்வொருவரும் இன்னொருவருக்கு வேண்டியவராக இருந்தார்கள். அதிலிருந்து உண்மையான நட்புகளும் பிறந்தன, கணக்குப் பார்க்கும் நட்புகளும் பிறந்தன.

காத்திருப்பதில் எல்லாவற்றையும்விட நீண்டது மேற்கைப் பார்ப்பதற்கான காத்திருப்பு. 1964 நவம்பர் முதல் ஓய்வூதியம் பெறும் வயதினர் ஆண்டுக்கொருமுறை மேற்கிலுள்ள உறவினரைப் பார்த்துவர அனுமதிக்கப்பட்டார்கள். பெண்களுக்கு அது அறுபது வயது, ஆண்களுக்கு அறுபத்தைந்து. உழைக்கும் வயதைத் தாண்டியவர்கள் அங்கேயே தங்கிவிட்டால் அரசுக்கு இழப்பில்லை. எதிர்கால நாட்களை விரலில் எண்ணத் தொடங்கும் வயதில்தான் பக்கத்து ஊருக்கு ரயில் ஏற முடியும் என்ற நிலையை எந்த ரொட்டி விலையாலும் ஈடுகட்ட முடியாது. பெர்லின் சுவரில் மட்டும் 1961க்கும் 1989க்கும் இடையில் குறைந்தது 140 பேர் உயிரிழந்தார்கள். அன்றாடத்தை ஒப்பிடும்போது இதை ஓர் அரசியல் செய்தியாகத் தனியே ஒதுக்கிவைக்கிறார்கள். சுவருக்கு அருகில் குடியிருந்தவருக்கு அது ஜன்னலுக்கு வெளியே இருந்தது.

மேற்குப் பெர்லின்காரர்களின் காலைப் பயணத்தை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அவர்களின் சுரங்க ரயில் பாதைகளில் இரண்டும் ஒரு வடக்கு-தெற்குப் புறநகர் ரயில் பாதையும் கிழக்குப் பெர்லினின் அடியில் ஓடின. நடுவே வந்த பெரும்பாலான நிலையங்களில் ரயில் நிற்காது. மங்கிய வெளிச்சத்தில் பழைய பெயர்ப்பலகைகளும் காவலர்களும் கடந்துபோகும். முதல் வாரம் திகைத்துப் பார்த்தவர்கள் பின்பு செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை. 1952இல் நகரின் இரு பாதிகளுக்கும் இடையே துண்டிக்கப்பட்ட தொலைபேசித் தொடர்பு 1971இல் மீண்டபோது பத்து இணைப்புகள் மட்டுமே கிடைத்தன. எத்தனையோ குடும்பங்கள் அந்தப் பத்துக்காகப் பல மணிநேரம் எண்ணைச் சுழற்றின என்பது உண்மை. இன்னும் எத்தனையோ மேற்கத்தியர்களுக்குக் கிழக்கில் யாருமே இல்லை. அவர்களுக்கு இத்தாலியின் கடற்கரை லைப்சிக்கைவிடப் பக்கத்தில் இருந்தது.

மேற்கு பார்க்கத் தவறியவற்றில் நான் மிக முக்கியமாக நினைப்பது பெண்களின் நாள். 1977 ஜூன் வரை மேற்கு ஜெர்மனியின் குடியியல் சட்டப்படி, மனைவி வேலைக்குப் போவது குடும்பக் கடமைகளோடு பொருந்தும் அளவுக்கே அனுமதிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஜூலை முதல் தேதிதான் அந்த விதி போனது. பள்ளி மதியத்தோடு முடியும். சூடான சாப்பாட்டோடு அம்மா வீட்டில் இருப்பார் என்று எடுத்துக்கொண்டே நாட்டின் கால அட்டவணை வகுக்கப்பட்டிருந்தது. கிழக்கில் 1980களின் முடிவில் வேலை செய்யும் வயதிலிருந்த பெண்களில், படித்துக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து, பத்துக்கு ஒன்பது பேர் வேலையில் இருந்தார்கள். மேற்கில் பாதிக்குச் சற்றே மேல். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் கிழக்கில் காப்பகத்தில் இடம் இருந்தது. 1972 மார்ச்சில் முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் கருக்கலைப்பைப் பெண்ணின் முடிவுக்கே விட்டது அங்கிருந்த நாடாளுமன்றம். எப்போதும் ஒருமனதாகக் கைதூக்கிய அந்த அவையில் எதிர்வாக்குகள் விழுந்த அரிய சந்தர்ப்பமும் அதுதான்.

இதை விடுதலை என்று எழுதிவிட்டு நகர எனக்கு மனமில்லை. பெண்களை வேலைக்கு அழைத்ததற்கு முதல் காரணம் ஆள்பற்றாக்குறை. 1961க்கு முன் இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். வேலைக்குப் போன பெண் திரும்பும் வழியில் வரிசையில் நின்று, காப்பகத்திலிருந்து குழந்தையை அழைத்துக்கொண்டு, நிலக்கரி அடுப்பு மூட்டிச் சமைக்கவும் செய்தார். துவைக்கவும் துடைக்கவும் அரசே மாதத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்தது, அதுவும் பெண்களுக்கு. வீட்டு வேலை யாருடையது என்பதில் இரண்டு ஜெர்மனிகளும் கருத்து ஒன்றியிருந்தன. வாரக் காப்பகங்களும் இருந்தன. திங்கள் காலை விட்ட குழந்தையை வெள்ளி மாலை அழைத்துக்கொள்வார்கள். அப்படி வளர்ந்தவர்கள் சிலர் இப்போது தங்கள் முதுமையின் தொடக்கத்தில், அந்த இரவுகளைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவே கிழக்கின் பெண்களிடம் ஒரு நிமிர்வு இருந்தது. மாக்ஸி வாண்டர் என்ற எழுத்தாளர் பல வயதுப் பெண்களோடு பேசி, அவர்கள் குரலிலேயே தொகுத்த புத்தகம் 1977இல் வெளிவந்தது. வேலை, உடல், கணவன், தனிமை, கட்சி எல்லாவற்றையும் பற்றி அவர்கள் பேசுவதில் மன்னிப்புக் கேட்கும் தொனி இல்லை. தன் சம்பளம் தன் கையில் இருப்பதை அவர்கள் ஒரு சாதனையாகச் சொல்வதில்லை. அது எல்லோருக்கும் உள்ளதுதான். மேற்கின் பெண்ணியர்கள் கோரிக்கையாக எழுதிக்கொண்டிருந்த சில விஷயங்கள் எல்லைக்கு அப்பால் செவ்வாய்க்கிழமை காலையின் சாதாரண வழக்கமாக இருந்தன. 1990க்குப் பிறகு இரு பக்கத்துப் பெண்களும் சந்தித்தபோது ஒருவரையொருவர் புரிந்துகொள்ளச் சிரமப்பட்டதில் ஆச்சரியமில்லை.

கிழக்கின் ரகசியப் போலீஸான ஸ்டாசியின் கடைசி ஆண்டில் அதற்கு ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். தகவல் கொடுத்தவர்கள் அதைப்போல் இரு மடங்கு. பொட்டலங்கள் பிரிக்கப்பட்டன, கடிதங்கள் நீராவியில் திறக்கப்பட்டன. 1992 ஜனவரியில் கோப்புகள் திறக்கப்பட்டு, அவரவர் கோப்பை அவரவர் படிக்கலாம் என்றானபோது, எதிர்ப்பியக்கத்தில் முன்னின்ற ஒரு பெண் தன்னைப் பற்றித் தகவல் கொடுத்தவர் தன் கணவரே என்று கண்டார். உணவுமேசையில் நடந்த பேச்சும் அந்தக் கோப்புக்குள் இருந்தது. மேற்கு ஜெர்மன் அரசின் முதல் பிரதிநிதியாக 1974இல் கிழக்குப் பெர்லினுக்குப் போன குன்டர் கௌஸ், அந்தச் சமூகத்தைப் பொந்துகளால் ஆன சமூகம் என்று விவரித்தார். ஊருக்கு வெளியே சிறு தோட்டக் குடில், அதில் தக்காளிச் செடி, நெருங்கிய நண்பர்கள், கட்சியின் காது எட்டாத பேச்சு. கௌஸை நான் மதிக்கிறேன். மேற்கிலிருந்து வந்து, கடைகளின் காலி அலமாரிகளைத் தாண்டி மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்த வெகுசிலரில் அவர் ஒருவர். ஆனால் அந்தப் பொந்துகளுக்குள்ளும் காதுகள் இருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது. கிழக்கின் வயதானவர்கள் தங்கள் தோட்டக் குடில்களை ஏக்கத்தோடு நினைக்கும்போது அதைப் பழைய ஆட்சியின் மேலான ஏக்கம் என்று சொல்வது அநியாயம். அது அவர்களின் இளமை நடந்த இடம். அங்கே அமர்ந்திருந்த நண்பர்களில் ஒருவர் எழுதிக்கொடுத்தவராக இருந்திருக்கலாம் என்பதையும் அவர்களே சேர்த்து நினைக்க வேண்டியிருக்கிறது.

1990 ஜூலை முதல் தேதி மேற்கின் மார்க் கிழக்குக்கு வந்தது. சில நாட்களுக்குள் கடை அலமாரிகள் முழுவதும் மாறின. கிழக்கின் பால், ஊறுகாய், சலவைத்தூள் எதையும் வாங்க ஆளில்லை. உற்பத்தி செய்தவர்களே வாங்கவில்லை. நாற்பது ஆண்டுகள் இன்னொரு பக்கத்தின் பொருளைக் கொண்டு தன் பொருளை அளந்தவர்களிடம் வேறு எதை எதிர்பார்க்க முடியும்? சாக்ஸனியில் ஷ்வெப்னிட்ஸ் என்ற சிற்றூரின் தொழிற்சாலையில் ஒரு கண்ணாடித் தம்ளர் செய்தார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகளை நீக்கி அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகளைப் புகுத்தும் முறை. கீழே விழுந்தாலும் லேசில் உடையாது. மூலப்பொருள் தட்டுப்பாடான நாட்டில் உணவகங்களுக்காக யோசித்துச் செய்தது. 1980 முதல் பத்தாண்டுகளில் பத்துக் கோடிக்கும் மேல் செய்தார்கள். மேற்கின் வணிகர்களுக்கு அதில் ஆர்வம் வரவில்லை. உடையாத தம்ளரை விற்றவர் அடுத்த தம்ளரை யாருக்கு விற்பார்? 1990இல் உற்பத்தி நின்றது. இப்போது நம் கைப்பேசித் திரைகளுக்கு அடிப்படையாக இருப்பது இதே வகை வேதியியல். பழைய தம்ளர்களைத் தேடி வாங்குகிறார்கள்.

அதேபோல் ஒரே கூரையின் கீழ் பல மருத்துவர்கள் பணியாற்றிய கிழக்கின் பொது மருத்துவ நிலையங்களைக் கலைத்துவிட்டு, 2004இல் வேறு பெயரில் அதே அமைப்புக்கு நாடு முழுவதும் சட்டம் வழி செய்தது. ஒரு வயது முடிந்த ஒவ்வொரு குழந்தைக்கும் காப்பக இடம் சட்ட உரிமையாக 2013 ஆகஸ்டில் வந்தது. பார்த்திருந்தால் இருபது ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும். பார்க்கப் போனவர்களுக்கும் அதிர்ச்சி காத்திருந்தது. எரிகா ஃபோன் மூட்டியஸ் என்ற குழந்தை மருத்துவர், கிழக்கின் நிலக்கரிப் புகையில் வளர்ந்த லைப்சிக், ஹாலே நகரக் குழந்தைகளுக்கு மியூனிக் குழந்தைகளைவிட ஆஸ்துமா அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஆய்வைத் தொடங்கினார். குறைவாக இருந்தது. ஒவ்வாமைக் காய்ச்சலும் குறைவு. மிகச் சிறு வயதிலேயே காப்பகத்தில் மற்றக் குழந்தைகளோடு கலந்து கிருமிகளைப் பழகிக்கொண்டது ஒரு காரணமாக இருக்கலாம் என்று பின்னர் விவாதம் நீண்டது. கேள்வியைத் தலைகீழாகக் கேட்டிருந்தால் மியூனிக்கின் நோய்தான் ஆய்வுப்பொருள்.

ஒன்றிணைப்புக்குப் பிறகு மேற்கில் ஒரு குடும்பத்தின் செவ்வாய்க்கிழமை பெரிதாக மாறவில்லை. கிழக்கில் காப்பீடு, வரி, பள்ளிப் பாடத்திட்டம், தெருப்பெயர், ரொட்டியின் ருசி எல்லாம் மாறின. நாற்பது லட்சம் பேர் வேலைபார்த்த அரசு நிறுவனங்கள் ஒரே அமைப்பின் கைக்குப் போய் 1994க்குள் விற்கப்பட்டோ மூடப்பட்டோ முடிந்தன. 1989இல் கிழக்கில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 2 லட்சம். 1994இல் 80 ஆயிரத்துக்கும் கீழே. போர் இல்லாத காலத்தில் இப்படிப்பட்ட சரிவு அபூர்வம். யாரும் யாரையும் தடுக்கவில்லை. நாளை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் குழந்தை பெறுவதைத் தள்ளிவைத்தார்கள். ஓய்வூதியக் கணக்கீட்டில் இரு பக்கமும் சமமாவதற்கு 2023 வரை ஆனது.

கிழக்கு, மேற்கு என்று மட்டும் பேசிக்கொண்டே போனால் சிலர் எந்தப் பத்தியிலும் வராமல் போய்விடுகிறார்கள். சுவர் எழுந்த பதினொரு வாரத்தில், 1961 அக்டோபர் 30 அன்று, மேற்கு ஜெர்மனி துருக்கியோடு தொழிலாளர் ஒப்பந்தம் செய்தது. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த கைகள் நின்றுபோனது அதற்கொரு காரணம். துருக்கியர்கள் குடியேறிய மேற்குப் பெர்லினின் கிராய்ட்ஸ்பெர்க் பகுதி சுவரை ஒட்டியிருந்தது. அங்கே சுவர் நேராகப் போவதற்காகக் கிழக்குக்குச் சொந்தமான ஒரு முக்கோணத் துண்டு நிலத்தை மேற்குப் பக்கம் விட்டுவிட்டார்கள். 1980களில் அனடோலியாவிலிருந்து வந்த ஒருவர் அதிலிருந்த குப்பையை அகற்றி வெங்காயம் பயிரிட்டார். பின்பு ஒரு குடிலும் கட்டினார். மேற்கின் போலீசுக்கு அங்கே அதிகாரமில்லை. கிழக்கின் காவலர்கள் வந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

கிழக்கு ஜெர்மனியோ வியட்நாமிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. 1989இல் அவர்கள் ஏறத்தாழ 60,000 பேர். தனி விடுதிகளில் ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர். கர்ப்பமான பெண் கருவைக் கலைக்க வேண்டும் அல்லது நாடு திரும்ப வேண்டும் என்பது நெடுங்காலம் நடைமுறையாக இருந்தது. 1972இன் சட்டம் ஜெர்மன் பெண்ணுக்குக் கொடுத்த முடிவெடுக்கும் உரிமை, பக்கத்துத் தையல் இயந்திரத்தில் இருந்தவரிடம் எதிர்முகமாகத் திரும்பியது. ஒப்பந்தம் முடிந்து போகும்போது அவர்கள் மரப்பெட்டிகளில் மொபெட், சைக்கிள், சர்க்கரை, சோப்பு என்று நிறைத்து அனுப்பினார்கள். ஹனோயின் ஒரு குடும்பத்துக்குக் கிழக்கு ஜெர்மனிதான் வளமான மேற்கு. இதே காலத்தில் காப்பிக்காக வியட்நாமின் டாக்லாக் மேட்டுநிலத்தில் கிழக்கு ஜெர்மனி தோட்டங்களுக்குப் பணம் போட்டிருந்தது. மரங்கள் நன்றாகக் காய்க்கத் தொடங்கியபோது பணம் போட்ட நாடு இல்லை.

தமிழர்களும் இந்தக் கதையில் இருக்கிறார்கள். 1983 ஜூலை வன்முறைக்குப் பிறகு இலங்கையிலிருந்து கிளம்பியவர்களில் பலர் கிழக்குப் பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து ரயிலில் ஃப்ரீட்ரிஷ்ட்ராஸே நிலையம், அதைத் தாண்டினால் மேற்கு. அந்தக் கோட்டைச் சர்வதேச எல்லையாக ஏற்காததால் மேற்குப் பக்கம் கடவுச்சீட்டுச் சோதனை கிடையாது. அந்த வழியில் வந்த யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவரிடம் கிழக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன். "ஒண்டையும் பாக்கேல்லைத் தம்பி. ரயில் பெட்டிக்குள்ளை குளிர்தான் ஞாபகம். எந்த ஸ்டேசனிலை இறங்கிறதெண்டுதான் யோசினை" என்றார். சொந்தக் குடிமக்களைச் சுட்டுத் தடுத்த சுவரில் இவர்களுக்குக் கதவு திறந்தது. சுவரை நாள்தோறும் கண்டித்த மேற்கு அரசோ அந்தக் கதவை அடைக்கும்படி கிழக்கை வற்புறுத்தியது. 1985 ஜூலையில், மேற்கொண்டு போகும் நாட்டின் விசா இல்லாத தமிழர்களை ஏற்றிவருவதில்லை என்று கிழக்கு ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில் கிழக்குக்கான வட்டியில்லாக் கடன் வரம்பு 85 கோடி மார்க்காக உயர்ந்தது. ஏற்கெனவே வந்து சேர்ந்தவர்களின் நிலையும் உறுதியாக இருக்கவில்லை. 1986 ஆகஸ்டில் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் புறப்பட்ட 155 தமிழர்கள் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளில் கண்டெடுக்கப்பட்டார்கள். சுதந்திரமான பக்கத்தை அடைந்த பிறகும் அவர்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் துணிந்ததற்கான காரணம் எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் இல்லை.

சுவர் போன பிறகு, 1992 ஆகஸ்டில் கிழக்கின் ராஸ்டாக் நகரில் வியட்நாமியர் குடியிருந்த கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள், சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. அதே ஆண்டு நவம்பரில் மேற்கின் மோல்ன் நகரில் துருக்கியர் வீட்டுக்குத் தீ, மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த மே மாதம் மேற்கின் ஸோலிங்கனில் ஐந்து பேர், எல்லோரும் பெண்களும் சிறுமிகளும்.

இரண்டு ஜெர்மனிகளின் அன்றாடத்தை ஒப்பிட்டு எனக்கு இன்னும் படிக்கக் கிடைக்காத ஒரு பதிவு இருக்கிறது. கிராய்ட்ஸ்பெர்க்கில் மாடிப்படி துடைத்த துருக்கியப் பெண்ணும், சுவருக்கு அந்தப் பக்கம் ஆயத்த ஆடை ஆலையில் தைத்த வியட்நாமியப் பெண்ணும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். சம்பளத்தில் எவ்வளவு ஊருக்குப் போனது, பிள்ளை பெற்றுக்கொள்ள யாரிடம் கேட்க வேண்டியிருந்தது, உடம்புக்கு முடியாத அன்று எந்த ஜெர்மன்காரி கதவைத் தட்டினாள், இருட்டிய பிறகு எந்தத் தெருவைத் தவிர்த்தார்கள், 1989 நவம்பர் 9 அன்று ஊரே தெருவில் கட்டிப்பிடித்து அழுதபோது தங்கள் வேலை என்னவாகும் என்று யாரிடம் விசாரித்தார்கள் என்றெல்லாம் அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும்.